ஒரு முழு வாக்கியம்

“மை லெக்...” என்று அவள் ஆரம்பித்தாள்.

டக்.

பென்சிலின் பின்பக்கம் சாப்பாட்டு மேசையில் விழுந்த சத்தம் அது. கணவர் பென்சிலைத் தட்டினால் அவள் பேச்சை நிறுத்த வேண்டும். அதுதான் ஏற்பாடு.

“உனக்கு எத்தனை காலு? ரெண்டுதானே? அப்போ லெக்ஸ். முதல்லேர்ந்து வா.”

“மை லெக்ஸ் இஸ்...”

டக்.

“இப்பத்தானே ரெண்டுன்னு சொன்னேன்? ரெண்டுக்கு இஸ் போடுவாங்களா? ஆர் போடு. முதல்லேர்ந்து வா.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து வந்தாள். முதலிலிருந்து வந்து வந்தே பாதி உயிர் போய்விட்டது அவளுக்கு. ஒரு மனுஷி வாயைத் திறந்து ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதற்கு ஒரு முடிவு என்று வேண்டாமா? அந்த வீட்டில் சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு எந்த வாக்கியத்துக்கும் முடிவு கிடையாது. எல்லாம் தலையோடு சரி. வால் எப்படி இருக்கும் என்று அவளே மறந்துபோயிருந்தாள்.

ஆங்கிலம் படித்துத்தான் தீர வேண்டும் என்று அவளுக்கு என்ன தலையெழுத்து? இருந்தது. அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். துவைத்து ஈரமாக வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துச் சூடான ரோலருக்குள் விட வேண்டும். மறுபக்கம் அது காய்ந்து தேய்த்து மொடமொடவென்று வெளியே வரும். விரிப்பு வந்துகொண்டே இருக்கும். விடுகிறவள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வருஷக்கணக்காக அந்த இடத்தில் நின்று நின்று அவளுக்கு ‘ரோலர் அக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பெயர் விழுந்தால் பரவாயில்லை, காலும் விழுந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் புடைத்துச் சுருண்டு, சாயங்காலம் ஆனால் வீங்கி, செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த பள்ளம் மறுநாள் காலைவரை போகாது. ஆஸ்பத்திரி டாக்டரிடமே ஒருநாள் யாருக்கும் தெரியாமல் காட்டினாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. இனி நின்று செய்கிற வேலை கூடாது, மீறி நின்றால் ஆபரேஷன்தான், ஆபரேஷன் பண்ணினாலும் அப்புறமும் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

சலவைப் பிரிவு முழுக்கத் தேடினாலும் நாற்காலி என்று ஒன்றுதான் உண்டு. அது மூலையில் இருக்கும் கண்ணாடி அறைக்குள், சூப்பர்வைசருக்குப் போட்டது. அந்த சூப்பர்வைசர் மாத முடிவில் வேலையை விட்டுப் போகிறார். அவர் இடத்துக்கு இவளைப் போடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரே ஒரு சிக்கல். வார்டுகளில் இருப்பவர்கள் பல பாஷைக்காரர்கள். போர்வை வரவில்லை, தலையணை உறை போதவில்லை என்று போனில் கத்துவதெல்லாம் ஆங்கிலத்தில்தான் கத்துவார்கள். ஆகவே நிர்வாக அதிகாரி அம்மா ஒரு நாள் குறித்திருந்தார். ஒரு பத்து நிமிஷம் உட்காரவைத்து ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுப்பார். தட்டுத்தடுமாறிப் பேசினால்கூடப் போதும். ஒன்றுமே பேச வரவில்லை என்றால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். அந்த நாற்காலி கிடைக்கவில்லை என்றால் அவள் வேலையை விட வேண்டியதுதான்.

சூப்பர்வைசர் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று மட்டும் வீட்டில் சொன்னாள். காலைப் பற்றியும் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வாள்? கால் வலி என்று வாயைத் திறந்தால் அடுத்த நிமிஷம் கணவர் “வேலையை விட்டுடு” என்பார். அவருடைய அக்கா, இவளுக்கு அண்ணி முறை, மாடி வீட்டில் இருப்பவள், தினமும் சாயங்காலம் சீரியல் பார்க்க இங்கேதான் வந்து உட்காருவாள். அவள் அதற்கு ஒத்து ஊதுவாள். வேலைக்குப் போய் என்ன கண்டாய், வீட்டில் கால் நீட்டி உட்காரேன் என்பாள். வீட்டில் உட்கார்ந்து அண்ணியோடு சீரியல் பார்ப்பதற்கு ரோலரிலேயே நின்று உயிரை விடலாம் என்பது இவளுடைய கட்சி. வேலை அவளுக்குப் பிடிக்கும். மேசையில் விரிப்புகளை மடிக்கிற தோழியோடு அடிக்கிற அரட்டை பிடிக்கும். அதையெல்லாம் ஒரு நரம்புக்காக விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அதனால் ஒரு யோசனை செய்தாள். பயிற்சியின் முதல் நாளே அவர் “உன்னைப் பத்தி ஏதாவது சொல்லு” என்றார். சரி, காலைப் பற்றியே சொல்லிவிடுவோம், ஆங்கிலத்தில் சொன்னால் அண்ணிக்குப் புரியாது, இவருக்கு மட்டும் பதமாகக் காதில் விழும், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு “ஐயோ, என்ன ஆச்சு?” என்று கேட்பார் என்று நினைத்தாள். அப்பாவி.

அவருடைய தொழிலை மறந்துவிட்டாள். அவர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். தமிழ், ஆங்கிலம் இரண்டும். எழுத்து எழுத்தாகப் பார்ப்பார். கால் தப்பினாலும் புள்ளி தப்பினாலும் அவர் கண்ணிலிருந்து தப்பாது. ஆனால் படித்ததில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. ஒரு தடவை ஒரு தடித்த நாவலை மாதக்கணக்காகத் திருத்தினார். அச்சகத்தில் பைண்டிங் பண்ணுகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார்கள். அப்படி என்ன கதை என்று இவள் ஆசையாகக் கேட்டாள். “அந்த ஆளுக்கு சந்திப்பிழைன்னா என்னன்னே தெரியல” என்றார் அவர். அவ்வளவுதான் கதை.

அப்படிப்பட்டவரிடம் தன் காலைக் கொண்டுபோய் வைத்தாள். தினமும் வைத்தாள். ஒவ்வொரு நாளும் டக், டக், டக். ஏதோ சில நாள் எப்படியோ கரை சேர்ந்துவிடுவாள். கால் வலிக்கிறது, நிற்கக் கூடாதென்று டாக்டர் சொன்னார் என்று முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். அவரும் திருப்தியாகத் தலையாட்டுவார்.

“இப்போ சரியா இருக்கு. அடுத்தது சொல்லு.”

அந்த மாதிரி நேரத்தில் அந்தப் பென்சிலைப் பிடுங்கி எங்கே குத்தலாம் என்றுதான் அவள் கை பரபரக்கும்.

ஒருநாள் சீரியலுக்கு நடுவில் விளம்பரம் வந்தபோது அண்ணி கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, “என்னடா தம்பி சொல்றா உன் பொண்டாட்டி? தினம் ஒரே மாதிரி சொல்ற மாதிரி இருக்கே?” என்று கேட்டாள். பாஷை தெரியாத அண்ணிக்குக்கூட அது ஒரே விஷயம் என்று தெரிந்துவிட்டது.

“எல்லாத்தையும் தப்புத் தப்பா சொல்றாக்கா” என்றார் அவர்.

இதற்குள் இன்னொரு கூத்தும் ஆரம்பித்திருந்தது. வேலையிடத்தில் அவள் மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் நின்று தோழியிடம் ஏதோ வம்பு சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ பிளாஸ்டிக் கூடையை டக்கென்று தரையில் வைத்தார்கள். அவள் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. தோழி காத்திருந்தாள். இவளும் காத்திருந்தாள். பிறகு வம்பை முதலிலிருந்து ஆரம்பித்தாள். “இதை இப்பத்தானேக்கா சொன்னே?” என்று தோழி கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நல்ல தமிழில், சொந்த வம்பைப் பேசும்போதே இப்படி என்றால்?

அந்த நாள் வந்தது. அதிகாரி அம்மாவின் அறை குளுகுளுவென்று இருந்தது. அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆனால் முகம் நல்ல முகம். மேசைக்கு எதிரே நாற்காலி போட்டிருந்தது. உட்காரச் சொல்லிக் கை காட்டினார். இவளோ, பரவாயில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று யோசித்து, அது அகப்படாமல், சிரித்துக்கொண்டே நின்றுவிட்டாள். நாற்காலி வேண்டும் என்று கேட்க வந்தவள், போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கடவுள் வந்து கேட்டாலும் இவளுக்கு ஒன்றும் கிடைக்காது.

தினமும் என்ன வேலை செய்கிறாய், சொல் என்றார் அந்த அம்மா.

“எவ்ரி மார்னிங் ஐ...”

அந்த அம்மா கையிலிருந்த கனத்த பேனாவை மேசையில் வைத்தார். டக்.

அவள் நிறுத்தினாள். என்ன தப்பு என்று சொல்வார் என்று காத்திருந்தாள். மேலே சொல்வாள் என்று அந்த அம்மா காத்திருந்தார். சுவரில் இருந்த ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

முதலிலிருந்து வந்தாள். “எவ்ரி மார்னிங் ஐ கம்...” அந்த அம்மா எதையோ குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார், குறித்தார், வைத்தார். டக். மறுபடி நின்றாள். மறுபடி முதலிலிருந்து. அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் ஒவ்வொரு காலையும் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருந்தாள், உள்ளே நுழையவே இல்லை. கடைசியில் அந்த அம்மா தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்து, பயப்படாதே, திங்கட்கிழமை இன்னொரு தடவை வா, அதற்குப் பிறகு என்னால் காத்திருக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். எல்லாம் புரிகிறது, எல்லாம் தெரிகிறது, வாய்க்குள் வரிசையாக நிற்கிறது. ஒரு டக் கேட்டதும் எல்லாம் வந்த வழியே ஓடிவிடுகிறது.

வெளியே தோழி காத்திருந்தாள். என்னக்கா ஆச்சு என்று கேட்டாள். பென்சில் ஆச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் ரோலரில் நின்றாள். அன்றைக்கு விரிப்பு மூட்டை மூட்டையாக வந்தது.

வீட்டுக்கு வந்தபோது கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தது. கூடத்தில் அண்ணி, சீரியல். மேசையில் அவர், பென்சில். எப்படிப் போயிற்று என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவர் பதிலை எதிர்பார்த்தாரா, பதிலில் இருக்கும் பிழையை எதிர்பார்த்தாரா என்று சொல்ல முடியாது. பென்சில் தயாராக இருந்தது.

அவள் உட்காரவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை. நின்றபடியே ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

“மை லெக் பெயின்.”

டக்.

“டாக்டர் டெல் நோ ஸ்டேண்டிங்.”

டக். டக். “இரு, இரு, முதல்லேர்ந்து...”

“ஐ ஸ்டேண்ட். எவ்ரிடே ஐ ஸ்டேண்ட். டுடே ஆல்ஸோ ஐ ஸ்டேண்ட்.” பென்சில் மரங்கொத்தி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அவள் நிறுத்துவதாக இல்லை. “ஆபீஸ் ஒன்லி ஒன் சேர். ஐ வாண்ட் தட் சேர். நோ சேர், நோ ஜாப். மேடம் டெல் மண்டே லாஸ்ட் சான்ஸ். யூ ஒன்லி டக் டக் டக்.”

சொல்லி முடித்துவிட்டாள். இந்த வீட்டில் அவள் தானாக முடித்த முதல் ஆங்கிலப் பேச்சு. கூடத்தில் டிவி சத்தம் குறைந்தது. அவர் திகைத்துப்போய், பென்சிலைத் தூக்கியபடி, எதிலிருந்து திருத்த ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

“நான் இப்போ என்ன சொன்னேன்?” என்று தமிழில் கேட்டாள். “சொல்லுங்க பார்ப்போம்.”

இதில் என்ன கஷ்டம்? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். புரூஃப் வாசிக்கிற குரலில், ஒரு தப்பில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு ஆரம்பித்தார்.

“மை லெக்ஸ் ஹேவ் பீன் ஹர்ட்டிங். தி டாக்டர் ஹேஸ் டோல்ட் மீ நாட் டு ஸ்டேண்ட். பட் ஐ ஸ்டேண்ட் எவ்ரி டே. டுடே, டூ, ஐ...”

அங்கே அவர் குரல் நின்றது. அவர் கண் மேசையிலிருந்து மெதுவாக மேலே வந்து, நின்றுகொண்டிருந்த அவளைப் பார்த்தது. பிறகு கீழே இறங்கியது.

“நிறுத்தாதீங்க. முழுசா சொல்லுங்க.”

“யாரோட காலு?” என்று அவர் கேட்டார்.

இந்த மனுஷனை என்ன செய்வது? அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விட அதிகமாக ஆத்திரம் வந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, புடவையை முழங்கால்வரை ஏற்றினாள். நீலமும் பச்சையுமாகப் புடைத்துச் சுருண்டு கிடந்த நரம்புகளை அவர் பார்த்தார். வார் பதிந்த பள்ளத்தைப் பார்த்தார். தொடப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

“எத்தனை நாளா?” என்றார்.

“நீங்க பென்சிலைக் கையில எடுத்த நாள்லேர்ந்து இதையேதான் சொல்லிட்டிருக்கேன். சரியா இருக்கு, அடுத்தது சொல்லுன்னீங்க.”

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. பென்சிலை மேசையில் வைத்தார். அவளுக்குத் தெரியும், அடுத்து என்ன வரும் என்று. வந்தது.

“நாளைக்கே வேலையை விட்...”

டக்.

பென்சில் இப்போது அவள் கையில் இருந்தது. அவர் நிறுத்தினார். கூடத்து வாசலில் வந்து நின்ற அண்ணியும் எதையோ சொல்ல வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாள்.

“முதல்லேர்ந்து வாங்க” என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், பென்சிலைப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து வந்தார்.

“திங்கக்கிழமை அந்த அம்மாகிட்ட என்ன சொல்லப் போறே?”

அது சரியாக இருந்தது. அவள் தட்டவில்லை.

திங்கட்கிழமைவரை பயிற்சி தொடர்ந்தது. முக்காலியை இழுத்துப்போட்டு, அதன்மேல் தலையணையை வைத்து, அவள் காலைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் அவர் எதிரே உட்காருவார். பென்சில் அவள் கொண்டையில் செருகியிருக்கும். கை சும்மா இருக்காது என்பதால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். அவள் பேசுவாள். பிழை மேல் பிழை வரும். ஒவ்வொன்றும் அவரை ஊசியாகக் குத்தும். கண் துடிக்கும், உதடு துடிக்கும், ஒரு தடவை இருமல்கூட வந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவள் முடித்த பிறகு, என்ன புரிந்தது என்று தமிழில் அவர் சொல்ல வேண்டும். அதுதான் புது ஏற்பாடு. முதல் நாள் அவருக்குப் பாதிகூடச் சொல்ல வரவில்லை. நீங்க கவனிக்கவே இல்லை, மறுபடி கேளுங்க என்று அவள் முதலிலிருந்து சொன்னாள். அப்படித்தான் அவருக்கு ரோலர் என்றால் என்ன, அது எவ்வளவு சூடாக இருக்கும், மடிப்பு மேசைத் தோழி எப்படிச் சிரிப்பாள், யார் யார் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி அவர் கேட்டது அப்போதுதான். அதுவும் உடைந்த ஆங்கிலத்தில்.

திங்கட்கிழமை அவள் அதிகாரி அம்மாவின் அறைக்குள் போனதும் நாற்காலியை இழுத்தாள். கை காட்டும்வரை காத்திருக்கவில்லை. உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கால் நிம்மதியாக ஒரு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. தினமும் என்ன வேலை என்று அந்த அம்மா பழைய கேள்வியையே கேட்டுவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தார். டக்.

முதலிலிருந்து வரத்தான் அவள் வாய் போயிற்று. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணை முழித்துக்கொண்டு வீட்டில் எதிரே இருந்த கணவர் முகம் நினைவுக்கு வந்தது. அவள் பேச்சை விடவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் எழுந்து நின்றார். அண்ணிகூட சீரியலை நிறுத்திவிட்டாள். அவள் பையை இறக்கினாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், முக்காலியில் காலை வைத்தாள், பிறகு ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். நீளமாகச் சொன்னாள். அந்த அம்மா கேட்டது, தான் சொன்னது, நடுவில் போன் அடித்தது, அதைத் தன்னையே எடுத்துப் பேசச் சொன்னது, ஏதோ வார்டிலிருந்து போர்வை கேட்டுக் கத்தினது, தான் திருப்பிக் கத்தினது. ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக இல்லை. ஒரு வாக்கியத்தைக்கூட அவள் பாதியில் விடவும் இல்லை. அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் முடித்ததும் அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

“என்னடா தம்பி சொல்றா?”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இனிமே உக்காந்து வேலை பார்க்கப் போறாளாம்க்கா” என்றார்.

“அதுக்கா இவ்ளோ நேரம் பேசினா?”

“இன்னிக்கு மட்டும் இல்லக்கா” என்றார் அவர். “ரொம்ப நாளா சொல்லிட்டுத்தான் இருந்திருக்கா.”